1607 முதல் 1877 வரை அமெரிக்க வரலாறு: எந்த வரிசையில் படிக்க வேண்டும், எங்கெல்லாம் தடுக்கும்

குடியேற்றக் காலத்தில் தொடங்கி உள்நாட்டுப் போரையும் அதற்குப் பிந்தைய மறுசீரமைப்பையும் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். வரலாற்று மாணவர், குடிமைப் பணித் தேர்வுக்கு இதை விருப்பப் பாடமாக எடுத்தவர், சொந்த ஆர்வத்தில் படிப்பவர் என்று யாரும் விலக்கில்லை. லிங்கனிடம் தொடங்குகிறார்கள், போர்க்களங்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள், 1865 வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் "போர் ஏன் வந்தது?", "விடுதலை பெற்றவர்களுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டால் பதில் வருவதில்லை.

இந்தப் பாடத்தில் வரிசைதான் முக்கியம். புதிய நிலத்தில் அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்ற சண்டையைப் பின்தொடர்ந்து போனால் 270 ஆண்டுகளும் ஒரே சரடாகக் கோத்துக்கொள்ளும். கீழே உள்ள வரிசை அதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு பொருட்கள் போதும். அமெரிக்காவின் வெற்று வரைபடம் ஐந்தாறு நகல்கள், ஒரு நோட்டு, ஏதாவது ஒரு நல்ல பொதுப் பாடநூல், அமெரிக்க அரசியலமைப்பின் முழு வாசகம். பாடநூலில் எது என்று ரொம்ப அலச வேண்டாம். மறுசீரமைப்புக் காலத்துக்குத் தனி அத்தியாயம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதை நான்கு பக்கத்தில் முடித்துவிடும் நூலை வாங்காதீர்கள்.

மூல ஆவணங்களுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம், காங்கிரஸ் நூலகம், யேல் சட்டக் கல்லூரியின் அவலான் தொகுப்பு ஆகிய மூன்றிலும் இந்த வழிகாட்டியில் வரும் ஆவணங்களில் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கின்றன. (யேல் என்ற பெயர், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து, பிறகு அந்தக் கல்லூரிக்கு நன்கொடை அனுப்பிய எலைஹு யேலுடையது.)

நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: ஆண்டு, நடந்தது, யார் எப்போது சொன்னது. மூன்றாவது பத்தி ஏன் என்பது எட்டாவது படியில் புரியும்.

2. நேரத்தை முதலிலேயே பங்கு போடுங்கள்

தினம் ஒரு மணி நேரம் படிப்பவருக்குப் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 1763 வரை ஒரு வாரம், புரட்சிக்கு ஒரு வாரம், அரசியலமைப்புக்கு இரண்டு, 1793 முதல் 1850 வரை இரண்டு, 1850களுக்கும் பிரிவினைக்கும் இரண்டு, போருக்கு ஒன்று, மறுசீரமைப்புக்கு மூன்று.

போருக்கு ஒரே வாரமா என்று கேட்பீர்கள். போரைப் பற்றி எழுதப்பட்டது அளவில்லாமல் கிடக்கிறது, படிக்கவும் சுவையானது. கட்டுப்பாடு வைக்காவிட்டால் மற்ற பகுதிகளின் நேரத்தை அது விழுங்கிவிடும்.

3. வாசிப்புக்கு முன் வரைபடம்

முதல் நகலில் 13 குடியேற்றங்களைக் குறியுங்கள். அடுத்தடுத்த நகல்களில், 1763இல் பிரிட்டன் அப்பலாச்சியன் மலைத்தொடர் வழியே போட்ட எல்லை, 1783இன் எல்லை, 1803இல் 1.5 கோடி டாலருக்கு வாங்கிய லூசியானா, 1820இன் மிசௌரி சமரசக் கோடு (வட அட்சம் 36 பாகை 30 கலை; லூசியானா நிலத்தில் மிசௌரி தவிர இதற்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்றது), 1848இல் மெக்சிகோவிடமிருந்து பிடித்த நிலம் என்று ஒவ்வொன்றாக வரையுங்கள்.

இதைச் செய்யாமல் போகிறவர்களுக்கு 1820, 1850, 1854 மூன்றும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். நாடு ஒவ்வொரு முறை விரிந்தபோதும் அதே கேள்வி திரும்ப எழுந்தது. கையால் வரைந்தவருக்கு அது கண்ணில் படும்.

செரோக்கி, கிரீக், சாக்டா, சிக்கசா மக்களின் நிலங்களையும் 1830க்கு முந்தைய வரைபடத்தில் குறித்துவிடுங்கள். பின்னால் பருத்தி விளைந்த ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி நிலங்கள் யாரிடமிருந்து வந்தன என்பது அப்போதுதான் விளங்கும்.

4. 1607–1763: வேகமாகக் கடக்கலாம், இரண்டு இடங்களில் நில்லுங்கள்

முதலாவது, 1619 வர்ஜீனியா. ஆங்கிலேய அமெரிக்காவின் முதல் தேர்தல் சபை கூடியதும், ஆப்பிரிக்கர்கள் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்டதும் அதே ஆண்டு, அதே குடியேற்றத்தில். இரண்டாவது, 1662இன் வர்ஜீனியாச் சட்டம். பிறக்கும் குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்றது அது. அடிமைமுறை பரம்பரையானது இப்படித்தான், அதுவும் ஒரு சபை வாக்களித்து இயற்றிய சட்டத்தால். வெறும் வழக்கமாக அது வளர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்தச் சட்டத்தைப் படித்தால் போதும்.

5. 1763–1783: புரட்சியைக் காரணத்தோடு படியுங்கள்

பிரிட்டன் பிரான்சோடு நடத்திய ஏழாண்டுப் போரின் கடனிலிருந்து தொடங்குங்கள். குடியேற்றங்களின் பத்திரங்களுக்கும் அச்சுத் தாள்களுக்கும் வரி போட்ட 1765இன் முத்திரைச் சட்டம் அந்தக் கடனிலிருந்துதான் வருகிறது.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் 1773இன் தேயிலைச் சட்டம். தேயிலை வரியை உயர்த்தியதால் பாஸ்டனில் பெட்டிகளைக் கடலில் வீசினார்கள் என்று எழுதுகிறார்கள். அந்தச் சட்டம் வரியை உயர்த்தவில்லை, உண்மையில் தேயிலை விலையைக் குறைக்கத்தான் வழி செய்தது. நொடித்துக் கிடந்த கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாக விற்கட்டும் என்று அனுமதித்தது. தங்கள் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றம் வரி போடும் உரிமையையும், ஒரு கம்பெனியின் ஏகபோகத்தையும்தான் எதிர்த்தார்கள். அதே கம்பெனி அப்போது வங்காளத்தை ஆண்டுகொண்டிருந்தது. 1781இல் யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ்தான் 1786இல் இங்கே தலைமை ஆளுநராக வந்து திப்புவோடு போரிட்டவர் என்பதையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

1776இன் சுதந்திரப் பிரகடனத்தைப் படிக்கும்போது ஜெஃபர்சனின் வரைவையும் பக்கத்தில் வையுங்கள். அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடும் ஒரு பத்தி வரைவில் இருக்கிறது, இறுதி வடிவில் இல்லை. அதை நீக்கியது, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ். எழுதியவரோ அடிமைகளை வைத்திருந்தவர். பின்னால் வரும் எண்பது ஆண்டுச் சிக்கல் முழுவதும் இங்கேயே தெரிகிறது.

6. 1787: அரசியலமைப்பை மூலத்திலேயே படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பின்னால் எதுவும் நிற்காது. ஆவணம் சின்னதுதான், ஒரே மாலையில் படித்துவிடலாம். முதல் வாசிப்பில் மூன்று இடங்களை அடிக்கோடிடுங்கள்: முதல் பிரிவில் ஐந்தில் மூன்று பங்குக் கணக்கு (பிரதிநிதித்துவத்துக்கு அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கை மட்டும் எண்ணுவது), அதே பிரிவில் 1808 வரை ஆள் இறக்குமதியைத் தடுக்கக்கூடாது என்ற விதி, நான்காம் பிரிவில் தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற விதி. மூன்றிலும் 'அடிமை' என்ற சொல்லே இருக்காது. 1865இன் 13ஆம் திருத்தத்தில்தான் அடிமைமுறை முதன்முதலாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது.

ஐந்தில் மூன்று பங்கைப் பெரும்பாலானோர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கறுப்பின மனிதரை முழு மனிதராகக் கணக்கிடாத அவமதிப்பு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அடிமைகளை முழுதாக எண்ண வேண்டும் என்று கேட்டது தென் மாநிலங்கள். எண்ணவே கூடாது என்றது வடக்கு. காரணம், எண்ணிக்கை கூடினால் பிரதிநிதிகள் சபையில் இடம் கூடும், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் கூடும். அடிமைக்கோ வாக்கே கிடையாது.

இதை எண்ணில் போட்டுப் பாருங்கள். 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தென் கரோலினாவில் 7,03,708 பேர். அவர்களில் அடிமைகள் 4,02,406. சுதந்திர மக்கள் 3,01,302 பேர்தான். அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்தால் கணக்கு சுமார் 5.4 லட்சமாக ஏறுகிறது. அதாவது மூன்று லட்சம் பேரின் மாநிலத்துக்கு ஐந்தரை லட்சம் பேரின் செல்வாக்கு. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர், வடக்கைவிட மக்கள்தொகை குறைந்த தெற்கு அவ்வளவு காலம் வாஷிங்டனில் எப்படி ஆதிக்கம் செலுத்தியது என்று கேட்கமாட்டார்.

இந்தப் பக்கத்துக்கு ஓர் அடையாளம் வையுங்கள். 14ஆம் திருத்தத்தைப் படிக்கும்போது இதற்குத் திரும்பி வர வேண்டும்.

7. 1793–1850: பருத்தியும் நிலமும்

1793இல் பருத்தியிலிருந்து விதை நீக்கும் இயந்திரம் வந்தது. 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. அடிமைமுறை அதோடு மங்கியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் 1790இல் சுமார் ஏழு லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் ஏறத்தாழ 40 லட்சம். வர்ஜீனியா, மேரிலாந்து பக்கமிருந்து ஆழ்தெற்கின் பருத்திக் காடுகளுக்குச் சுமார் பத்து லட்சம் பேர் நகர்த்தப்பட்டார்கள். குடும்பங்களைப் பிரித்து விற்றது இந்த உள்நாட்டு வணிகம்தான். 1860இல் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கும் மேல் பருத்தி.

1820 மிசௌரி சமரசத்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: மாநிலம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடம் உள்ள மேலவையின் சமநிலை. அப்போது அடிமை மாநிலம் பதினொன்று, மற்றவை பதினொன்று. மிசௌரியை அடிமை மாநிலமாகச் சேர்க்க, மெய்ன் எதிர்த்தட்டில் சேர்க்கப்பட்டது.

1830இன் பழங்குடியினர் வெளியேற்றச் சட்டத்தைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடாதீர்கள். 1838–39இல் செரோக்கி மக்கள் மேற்கே துரத்தப்பட்ட கண்ணீர்ப் பாதையும் பருத்தி விரிவும் ஒரே நிலத்தின் கதை.

8. 1850களையும் பிரிவினையையும் தேதி பார்த்துப் படியுங்கள்

நோட்டில் 1850 முதல் 1861 வரை ஆண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 1850 சமரசமும் (1848இல் பிடித்த நிலம் பற்றியது) அதன் பகுதியான தப்பியோடிய அடிமைகள் சட்டமும், 1854 கான்சாஸ்–நெப்ராஸ்காச் சட்டமும் (1820இன் கோட்டை நீக்கி, முடிவைக் குடியேறியவர்களிடம் விட்டது) குடியரசுக் கட்சியின் தோற்றமும், 1857 டிரெட் ஸ்காட் தீர்ப்பு (கறுப்பினத்தவர் குடிமக்கள் அல்ல, புதிய நிலத்தில் அடிமைமுறையைக் காங்கிரஸ் தடுக்க முடியாது என்றது), 1859 ஹார்ப்பர்ஸ் ஃபெரி (ஆயுதக் கிடங்கின் மீது ஜான் பிரவுன் நடத்திய அடிமை எதிர்ப்புத் தாக்குதல்), லிங்கன் வென்ற 1860 தேர்தல். ஒன்று அடுத்ததை எப்படித் தள்ளிவிட்டது என்று ஒரு வரி எழுதாமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

1850இன் சட்டத்தை மூலத்தில் படியுங்கள். பிடிபட்டவரை எசமானரிடம் ஒப்படைத்தால் ஆணையருக்குப் பத்து டாலர், விடுவித்தால் ஐந்து டாலர். பிடிபட்டவரின் சாட்சியம் ஏற்கப்படாது. தேடிப் பிடிக்க உதவும்படி வடக்கின் சாதாரணக் குடிமகனுக்கும் உத்தரவிடலாம். அதுவரை அக்கறையில்லாமல் இருந்த பல வடக்கத்தியர் ஏன் கொதித்தார்கள் என்று இதைப் படித்தால் தெரியும்.

கட்சிப் பெயர்களில் கவனம் தேவை. அன்றைய குடியரசுக் கட்சி அடிமைமுறையின் விரிவை எதிர்த்தது, ஜனநாயகக் கட்சி தெற்கில் அதன் காவலாக நின்றது. இன்றைய கட்சிகளை அங்கே பொருத்திப் பார்த்தால் எல்லாம் குழம்பும்.

இப்போது பிரிவினை. நாட்டை விட்டுப் பிரிந்தவர்கள் தங்கள் காரணத்தைத் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று பிரிந்து, 24 அன்று விளக்க அறிக்கை வெளியிட்டது. மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ் அறிக்கைகளும் கிடைக்கின்றன. வேறு யாருடைய விளக்கத்தையும் படிக்கும் முன் இவற்றைப் படியுங்கள்.

"போர் மாநில உரிமைக்காக நடந்தது" என்ற வாதம் தமிழ் வாசகரை எளிதில் இழுத்துவிடும். ராஜமன்னார் குழு முதல் இன்றைய வரிப் பங்கீடு வரை மாநில உரிமை நமக்கு நெருக்கமான, நியாயமான கோரிக்கை. அந்த அனுதாபத்தோடு 1860ஐப் படிக்கப் போகிறோம். தென் கரோலினாவின் அறிக்கை வேறு மாதிரி இருக்கிறது. மெய்ன், வெர்மான்ட், நியூயார்க், பென்சில்வேனியா என்று வட மாநிலங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. அந்த மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டங்களால் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைச் செல்லாமல் ஆக்கிவிட்டன என்பதுதான் அதன் பெரிய புகார். அதாவது, வடக்கு தன் மாநில உரிமையைப் பயன்படுத்தியது என்பதே குற்றச்சாட்டு. மிசிசிப்பியின் அறிக்கை சுற்றி வளைக்காமல், தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுதாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது.

நோட்டின் மூன்றாவது பத்தி இங்கேதான் பயன்படும். பிரிந்த மாநிலங்கள் அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச்சில் சவானாவில் பேசியபோது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார். தோற்ற பிறகு அவரே, சண்டை அரசியலமைப்பு விளக்கம் பற்றியது என்று எழுதினார். இரண்டையும் தேதி போட்டு அருகருகே எழுதுங்கள். போருக்கு முன் சொன்னதும் போருக்குப் பின் சொன்னதும் எங்கெல்லாம் மாறுகின்றனவோ, அங்கெல்லாம் முன்னால் சொன்னதற்கே அதிக மதிப்புக் கொடுங்கள்.

இன்னொரு சிறு பயிற்சி. முதலில் பிரிந்த ஏழு மாநிலங்கள், போரைத் தொடங்கிவைத்த சம்டர் கோட்டைத் தாக்குதலுக்குப் பிறகு சேர்ந்த நான்கு, அடிமைமுறை இருந்தும் பிரியாத டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகியவற்றை 1860இன் அடிமை விகிதத்தோடு அட்டவணை போடுங்கள். முதல் குழுவிலிருந்து கடைசிக் குழுவுக்கு வரும்போது விகிதம் பொதுவாக இறங்கிக்கொண்டே வருவதைப் பார்ப்பீர்கள்.

9. 1861–1865: நான்கு களம், ஒரு பிரகடனம்

களங்களில் ஆன்டீட்டம், விக்ஸ்பர்க், கெட்டிஸ்பர்க், அட்லாண்டா போதும். 1862 செப்டம்பர் ஆன்டீட்டம், விடுதலைப் பிரகடனத்தை அறிவிக்க லிங்கனுக்கு வாய்ப்புத் தந்தது. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் தெற்கின் படையெடுப்பை முறித்தது, விக்ஸ்பர்க் மிசிசிப்பி ஆற்றை வடக்கிடம் கொடுத்தது. 1864 செப்டம்பரில் அட்லாண்டா வீழ்ந்ததால் லிங்கனின் மறுதேர்தல் உறுதியானது. ஒவ்வொரு களத்திலும் அதன் அரசியல் விளைவை ஒரு வரியில் எழுதிவிட்டு நகருங்கள்.

பிரகடனத்தை மட்டும் வரி வரியாகப் படியுங்கள். 1863 ஜனவரி 1 தேதியிட்ட அது, கலகத்தில் இருந்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். நியூ ஆர்லியன்ஸ் உட்பட லூசியானாவின் சில பகுதிகளையும் வர்ஜீனியாவின் சில மாவட்டங்களையும் பெயர் சொல்லி விலக்குகிறது. டென்னசி பட்டியலிலேயே இல்லை. பிரியாத நான்கு அடிமை மாநிலங்களுக்கும் பொருந்தாது. போர்க்கால அதிகாரத்தில் பிறந்த ஆவணம் என்பதால் இந்த வரம்பு. கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கும் வரியும் அதில்தான் இருக்கிறது. சுமார் 1,80,000 பேர் வடக்கின் ராணுவத்தில் பணியாற்றினார்கள்.

லிங்கன் ஒன்றியத்தைக் காக்கவே போரிடுவதாக எழுதிய 1862 ஆகஸ்ட் கடிதத்தைக் காட்டி, அவருக்கு அடிமை ஒழிப்பில் அக்கறையில்லை என்று முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு. தேதியைப் பாருங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஜூலையில், பிரகடனத்தின் வரைவை அவர் அமைச்சரவையில் வாசித்துவிட்டார்.

விடுதலையை லிங்கன் ஒருவரே வழங்கியதாகவும் எழுதாதீர்கள். 1861 மே மாதமே மூன்று அடிமைகள் தப்பி, வடக்கின் படையிடம் இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பத் தளபதி பட்லர் மறுத்தார். அதன் பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். என்ன கொள்கை என்று வாஷிங்டன் முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியை உண்டாக்கியது அவர்களின் கால்கள்தான்.

10. 1865–1877: இங்கே நிதானம் வேண்டும்

13, 14, 15 ஆகிய மூன்று திருத்தங்களையும் மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுவது இந்தப் பகுதியின் பெரிய தவறு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் ஒரு தாக்குதல் இருக்கிறது. தாக்குதலைப் படிக்காமல் திருத்தம் புரியாது.

1865 நவம்பரில் மிசிசிப்பி இயற்றிய கறுப்பர் சட்டங்களில் தொடங்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை, விடுதலை பெற்ற ஒவ்வொருவரும் வேலையோ இருப்பிடமோ உண்டு என்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியும் முன் தக்க காரணமின்றி வேலையை விட்டால் அந்த ஆண்டில் அதுவரை உழைத்த கூலி போய்விடும். வேலையில்லாமல் திரிந்ததாகப் பிடிபட்டு, அபராதம் கட்ட முடியாவிட்டால், அவருடைய உழைப்பை வேறொருவருக்கு வாடகைக்கு விடலாம். இப்போது 13ஆம் திருத்தத்தை மறுபடி எடுங்கள். குற்றத்துக்கான தண்டனையாகத் தவிர அடிமைமுறை கூடாது என்கிறது. அந்தத் 'தவிர' எதற்குக் கதவு திறந்தது என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரியும்.

நிலத்தின் கதையும் அந்த ஆண்டுதான். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் தென்கிழக்குக் கரையோர நிலத்தைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். லிங்கனுக்குப் பின் வந்த அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய உரிமையாளர்களுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். நிலம் கிடைக்காதவர்கள் குத்தகை வாரத்தில் சிக்கியது இதன் தொடர்ச்சி.

இப்போது அடையாளம் வைத்த பக்கத்துக்குப் போங்கள். அடிமைமுறை ஒழிந்ததால் ஐந்தில் மூன்று பங்கு கணக்கும் போய்விட்டது. தென் கரோலினா முழு ஏழு லட்சத்துக்கும் இடம் கேட்கலாம், கறுப்பினத்தவருக்கு வாக்குக் கொடுக்காமலேயே. தோற்றவர் முன்பைவிட அதிகப் பலத்தோடு காங்கிரஸுக்குத் திரும்புவார்கள். 14ஆம் திருத்தத்தின் இரண்டாம் பகுதி, வாக்கு மறுக்கும் மாநிலத்தின் பிரதிநிதித்துவத்தைக் குறைப்போம் என்று சொல்வதன் காரணம் இதுதான். குடியுரிமையும் சமமான சட்டப் பாதுகாப்பும் தரும் முதல் பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டாம் பகுதியைப் படித்தவர்களே அந்தத் திருத்தத்தின் அரசியலைப் பிடிக்கிறார்கள்.

அடுத்து, கறுப்பின ஆண்களும் வாக்களிக்கும் புது மாநில அரசுகளைத் தெற்கில் அமைக்கச் சொன்ன 1867இன் மறுசீரமைப்புச் சட்டங்கள், 1868இல் ஜான்சன் மீதான பதவி நீக்க விசாரணை, 1870இல் இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்ற 15ஆம் திருத்தம், அதே ஆண்டு மிசிசிப்பியிலிருந்து மேலவைக்குச் சென்ற முதல் கறுப்பின உறுப்பினர் ஹைரம் ரெவெல்ஸ். தெற்கில் அரசுப் பள்ளிகள் பரவலாக வேர்விட்டது இந்த அரசுகளின் காலத்தில்தான். அதைக் குறிக்காமல் ஊழலை மட்டும் எழுதும் பழைய நூல்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மறுசீரமைப்பின் வீழ்ச்சிக்கு, சர்ச்சைக்குள்ளான 1876 அதிபர் தேர்தலைத் தீர்க்கச் செய்ததாகச் சொல்லப்படும் 1877இன் பேரத்தை மட்டும் காரணம் சொல்லாதீர்கள். 1871இல், கறுப்பினத்தவரைத் தாக்கிய வெள்ளையர்களின் ரகசிய அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானை அடக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது. 1873 ஈஸ்டர் அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பின மக்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். அந்த வழக்கில் 1876இல் உச்ச நீதிமன்றம், 14ஆம் திருத்தம் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்களை அல்ல என்று தீர்ப்பளித்தது. 1873இன் நிதி நெருக்கடி வடக்கின் கவனத்தைத் திருப்பியது. 1874இல் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடம் போனது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகளில் 185க்கு 184 என்று குடியரசுக் கட்சியின் ஹேய்ஸ் அதிபரானபோது பெரும்பாலான தென் மாநிலங்கள் ஏற்கெனவே ஜனநாயகக் கட்சியிடம் கைமாறியிருந்தன. 1877இல் மிச்சமிருந்த தென் கரோலினாவும் லூசியானாவும் போயின.

11. படித்தது நின்றதா என்று பார்க்க

நூல்களை மூடிவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு விடையிலும் ஒரு மூல ஆவணத்தைத் தேதியோடு குறிப்பிட வேண்டும்.

1803இல் வாங்கிய நிலம் 1854இல் ஏன் சண்டைக்கு வந்தது? அடிமைகளே வைத்திராத பெரும்பான்மைத் தென் வெள்ளையர் ஏன் போருக்குப் போனார்கள்? 1863 ஜனவரி 2 அன்று கென்டக்கியில் இருந்த ஓர் அடிமையின் சட்ட நிலை என்ன? 1866இல் காங்கிரஸ் எதற்குப் பயந்தது?

இரண்டாவது கேள்விக்கு விடை எழுத முடியாவிட்டால் ஜார்ஜியாவின் பிரிவினை அறிக்கைக்குத் திரும்புங்கள். நான்காவது தடுத்தால் ஆறாம் படியின் கணக்கை இன்னொரு மாநிலத்துக்குப் போட்டுப் பாருங்கள். மிசிசிப்பி பொருத்தமாக இருக்கும்: 1860இல் மொத்தம் 7,91,305 பேர், அடிமைகள் 4,36,631.